பலூன் திருவிழால ஓடவும் செய்யலாம், கயிறு பிடிக்கவும் செய்யலாம்: முதல் தடவை போறவங்களுக்கு முழு வழிகாட்டி

நான் பண்ணின கூத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். முதல் தடவை ஒரு ஹாட் ஏர் பலூன் திருவிழாவுக்குப் போனப்போ, காலைல 5கே (அஞ்சு கிலோமீட்டர்) ஓடி முடிச்ச கையோட, கழுத்துல மெடல், நெஞ்சுல பிப் (ஓடுறவங்க குத்திக்கிற நம்பர் அட்டை), வேர்வைல ஊறின பாலியெஸ்டர் டி-ஷர்ட், அரை டிராயர், இந்தக் கோலத்துலயே நேரா பலூன் விரிச்சிருந்த பக்கம் போய் "நானும் வாலண்டியர் தான், என்ன செய்யணும்"னு நின்னேன். பலூனை நிமித்தி, இறக்கி, மடிக்கிற அந்த க்ரூவைப் பாத்துக்கிட்டவர் என்னை மேலேயிருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாத்துட்டு, டி-ஷர்ட் ஓரத்தை ரெண்டு விரலால பிடிச்சு, "இது தீ பட்டா வெறுமனே எரியாது, உருகும், உருகி தோல்ல ஒட்டிக்கும், போய் காட்டன் போட்டுட்டு வாங்க"ன்னார். என்கிட்ட காட்டன் எதுவும் இல்லை. அன்னைக்கு முழுக்க கயித்துக்கு வெளிய நின்னு வேடிக்கை தான் பாத்தேன்.

ஓட்டத்துக்கு எது சரியோ அது பலூன் வேலைக்குத் தப்பு, அவ்வளவு தான் விஷயம். உடுப்பு மட்டும் இல்ல, நேரம், தூக்கம், கவனம் எல்லாமே அப்படித்தான். அதனால ரெண்டையும் ஒரே திருவிழால செய்யணும்னா கொஞ்சம் பிளான் வேணும், அந்த பிளானைத் தான் கீழ எழுதியிருக்கேன்.

எந்த நாள் எது

பலூன் எல்லாம் ஏன் விடியக்காலைல கிளம்புதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். ராத்திரி பூரா தரை ஆறிப்போய் காத்து அசையாம இருக்கும், சூரியன் வந்து ரெண்டு மூணு மணி நேரத்துல தரை சூடாகி சூடான காத்து குப்புகுப்புன்னு மேல எழும்ப ஆரம்பிக்கும், அது பலூனைத் தூக்கித் தூக்கிப் போடும். அதனால பறக்குறது விடிஞ்ச உடனே, இல்லன்னா சாயங்காலம் சூரியன் மறையறதுக்கு கொஞ்சம் முன்னாடி. தரை மட்டத்துல காத்து மணிக்கு சுமார் 15 கிலோமீட்டரைத் தாண்டினாலே பெரும்பாலான பைலட்டுங்க பலூன் துணியை வெளியவே எடுக்க மாட்டாங்க.

ஓட்டப்பந்தயமும் விடியக்காலைல தான். நிறைய இடத்துல பலூன் எழும்புற நேரத்தையும் ஓட்டம் கிளம்புற நேரத்தையும் வேணும்னே ஒட்டி வைப்பாங்க, ஓடுறவங்க தலைக்கு மேல பலூன் போகணும்னு. பாக்க நல்லா இருக்கும், ஆனா நீங்க ஒரே காலைல ரெண்டு இடத்துலயும் இருக்க முடியாது. ரெண்டு நாள் திருவிழான்னா என் கணக்கு இது தான்: முதல் நாள் காலை ஓட்டம், அன்னைக்கு சாயங்காலம் நைட் க்ளோல (இருட்டுல பலூனைத் தரைலயே ஒளிர வைக்கிற நிகழ்ச்சி) லேசான வேலை, மறுநாள் காலை பலூன் க்ரூ. மாத்தி வைக்காதீங்க. ஒரு காலை முழுக்க கயிறு பிடிச்சு, நூறு கிலோவுக்கு மேல இருக்குற துணி மூட்டையைத் தூக்கினா மறுநாள் முதுகும் முன்னங்கையும் என்ன பாடுபடும்னு எனக்குத் தெரியும், அதோட போய் ஓட்டத்துல நல்ல டைம் எதிர்பாக்குறது வீண்.

ஒரே நாள் திருவிழான்னா ஓட்டத்துல ஓடுங்க, இல்ல ஓட்டத்துக்கு வாலண்டியரா இருங்க, இல்ல பலூன் க்ரூல சேருங்க. ஒண்ணு மட்டும்.

பேர் குடுக்குறது

ஓட்டத்துக்குப் பேர் குடுக்குறது எல்லா ரேஸ் மாதிரி தான், அதுல சொல்ல ஒண்ணும் இல்ல. வாலண்டியர் பதிவுல தான் குழப்பம் வரும், ஏன்னா பல திருவிழால ரெண்டு தனித்தனி லிஸ்ட் இருக்கும்: ஒண்ணு பொதுவான வாலண்டியர், அதாவது பார்க்கிங், பிப் குடுக்குறது, தண்ணி மேஜை, கூட்டத்தை ஒழுங்குபடுத்துறது. இன்னொண்ணு பலூன் க்ரூ, இவங்களை ஒரு குறிப்பிட்ட பைலட்டோட சேத்து விடுவாங்க. முதல் லிஸ்ட்ல பேர் குடுத்துட்டு பலூன் பக்கத்துல நிக்கலாம்னு கனவு கண்டு, கடைசில பார்க்கிங்ல டார்ச் ஆட்டிக்கிட்டு நின்னவங்க நிறையப் பேர். அதனால பதிவு பண்ணும்போதே எந்த லிஸ்ட், ஷிஃப்ட் எவ்வளவு நேரம், எங்க வந்து ரிப்போர்ட் பண்ணணும், வண்டியை எங்க விடணும், வயசு வரம்பு இருக்கா, முன்கூட்டியே பயிற்சி வகுப்பு உண்டான்னு கேட்டு எழுதி வச்சுக்கோங்க. பொறுப்புத் துறப்புப் பத்திரம்னு ஒண்ணு குடுப்பாங்க, எல்லாரும் படிக்காம கையெழுத்து போடுற காகிதம், அதைப் படிங்க.

முதுகு வலி, சமீபத்துல ஆபரேஷன், கர்ப்பம், இந்த மாதிரி ஏதாவது இருந்தா க்ரூ வேலைக்குப் போகாம தண்ணி மேஜைக்குப் போங்க. அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல. அப்புறம் ஒண்ணு, க்ரூல இருந்தா இலவசமா பலூன்ல ஏத்துவாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. சில பைலட்டுங்க ஏத்துவாங்க தான், ஆனா நீங்களா கேக்காதீங்க. கேட்டதுக்கப்புறம் அவர் முகத்துல வர்ற மாத்தத்தைப் பாத்தா உங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடும்.

ஓட்டத்துக்குத் தயாராகுறது

இதுவரைக்கும் ஓடாதவங்கன்னா 5கேக்கு எட்டு வாரம் போதும், வாரம் மூணு நாள், ஒரு நிமிஷம் ஓட்டம் ரெண்டு நிமிஷம் நடைன்னு ஆரம்பிச்சு நடையை வாராவாரம் குறைச்சுக்கிட்டே வாங்க. ஏற்கனவே ஓடுறவங்களுக்கு ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன்.

முதல் விஷயம், புல்லுல ஓடிப் பழகுங்க. பலூன் திருவிழா பெரும்பாலும் பெரிய திறந்தவெளி மைதானத்துல நடக்கும், பாதையோட தொடக்கமும் முடிவும் அந்தப் புல்லுல தான் இருக்கும், விடியக்காலை பனில புல்லு நனைஞ்சு கிடக்கும். முதல் முந்நூறு மீட்டர்லயே ஷூ ஈரமாயிடும், ஈர சாக்ஸோட மீதி தூரம் ஓடினா கொப்புளம் நிச்சயம். காட்டன் சாக்ஸ் வேண்டாம், விரல் இடுக்குல வாசலின் தடவிக்கோங்க. புது ஷூ போட்டு ரேஸ் ஓடாதீங்கன்னு நான் சொல்லணுமா என்ன.

ரெண்டாவது, இருட்டுல எழுந்து இருட்டுல வார்ம்-அப் பண்ணிப் பழகணும். பலூன் பாக்க வர்ற கூட்டம் விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே வண்டியோட வந்து வரிசைல நிக்கும், ரோடு மூடிடுவாங்க, பார்க்கிங் தூரத்துல இருக்கும். சாதாரண ரேஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போறவர்னா இதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி போங்க. பிப்பை முந்தின நாளே வாங்கிடுங்க, அன்னைக்குக் காலைல வாங்கிக்கலாம்னு விட்டுட்டு பார்க்கிங் வரிசைல மாட்டிக்கிட்டு, ஓட்டம் கிளம்புற துப்பாக்கிச் சத்தம் காருக்குள்ள இருந்தே கேட்ட ஆளு நான்.

ரேஸ் நாள்

எப்பவும் என்ன சாப்பிட்டு ஓடுவீங்களோ அதையே சாப்பிடுங்க. ஹெட்லாம்ப் இருந்தா எடுத்துக்கோங்க, ஆனா பலூன் நிக்கிற பக்கம் போகும்போது அடுத்தவங்க முகத்துக்கு நேரா அடிக்காதீங்க, இருட்டுக்குப் பழகின கண்ணோட பைலட்டுங்க வேலை பாத்துக்கிட்டு இருப்பாங்க. இயர்போன் வேண்டவே வேண்டாம். இங்க மைக்ல அறிவிப்பு வரும், பலூனைத் துரத்திப் போற வண்டிங்க கிளம்பிப் போகும், பாதையைப் பாத்துக்கிற மார்ஷல் கத்துவாரு, எல்லாம் காதுல விழணும்.

பலூன் ரேஸ்ல எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. ஆரம்ப நேரத்துல தலைக்கு மேல பத்து பதினஞ்சு பலூன் எழும்பும், பலூனுக்குள்ள தீ விடுற பர்னர் சத்தம் 'புஸ்ஸ்ஸ்'னு கேக்கும், கூட்டம் ஆரவாரம் பண்ணும், உங்க கால் உங்களை அறியாம பறக்கும். முதல் கிலோமீட்டரை நினைச்சதை விட அரை நிமிஷம் வேகமா முடிச்சிருப்பீங்க, நாலாவது கிலோமீட்டர்ல அதுக்கு வட்டியோட கட்டுவீங்க. 30 நிமிஷத்துல 5கே முடிக்கணும்னா முதல் கிலோமீட்டர் 6:10, அடுத்தது 6:05, அப்புறம் 6:00, 5:55, கடைசி 5:50, கூட்டிப் பாருங்க சரியா 30 வரும். முதல் கிலோமீட்டர்ல வாட்சை மட்டும் நம்புங்க, உடம்பு அப்போ பொய் சொல்லும்.

போட்டோ எடுக்கணும்னா எடுங்க, யாரும் வேண்டாம்னு சொல்லல, ஆனா பாதையோட ஓரத்துக்கு வந்து, கையைத் தூக்கிக் காட்டிட்டு, அப்புறம் நில்லுங்க. நடுப்பாதைல மேல பாத்துக்கிட்டே சடன்னா நின்னா பின்னாடி வர்றவர் உங்க முதுகுல தான் மோதுவாரு. சிப் டைம் இருக்குற ரேஸ்னா ஆரம்பக் கோட்டை நீங்க தாண்டுற நேரத்துல இருந்து தான் உங்க சொந்த நேரம் கணக்காகும், அதனால முன்னாடி நிக்க முண்டியடிக்க வேண்டியதில்ல, பின்னாடி நின்னு நிதானமா கிளம்புங்க.

பாதைல பலூன் தாழ்ந்து வந்தா? அரிதா நடக்கும், ஆனா நடக்கும். மார்ஷல் நிறுத்தினா நில்லுங்க, டைம் போச்சேன்னு ஓடாதீங்க, தொங்குற கயித்தைப் பிடிச்சு உதவி பண்றேன்னு போகவே போகாதீங்க. பைலட் வாயால கேட்டா மட்டும் தான் பிடிக்கணும்.

ஓடாம, ஓட்டத்துக்கு வேலை பாக்குறவங்களுக்கு

தண்ணி மேஜை சுலபமான வேலைன்னு நினைப்பாங்க. கப்பை முழுசா நிரப்பாதீங்க, பாதிக்கு மேல வேண்டாம், ஓடுறவர் கைல வாங்கினதும் முழு கப்பு பாதி அவர் மூக்குல தான் போகும். கப்போட விளிம்பை ரெண்டு விரலால லேசாப் பிடிச்சு கையை நீட்டுங்க, அவர் எடுக்குறப்போ உங்க கை அவரோட சேந்து கொஞ்சம் பின்னாடி போகணும், இறுக்கிப் பிடிச்சா கொட்டும். "தண்ணி, தண்ணி"ன்னு சத்தமா சொல்லுங்க, எலக்ட்ரோலைட் இருந்தா அதைத் தனி மேஜைல வச்சு அதையும் சொல்லுங்க, ஏன்னா தண்ணின்னு நினைச்சு தலைல ஊத்திக்கிட்டு பிசுபிசுன்னு ஓடினவங்களைப் பாத்திருக்கேன். எல்லாரும் முதல் மேஜைலயே முட்டுவாங்க, அதனால பாதி ஆட்களைக் கடைசி மேஜைல நிறுத்தி "இங்கயும் இருக்கு"ன்னு கூப்பிட வைங்க.

திருப்பத்துல நிக்கிற மார்ஷல் வேலை இன்னும் முக்கியம், பலூன் திருவிழால இன்னும் கஷ்டம், ஏன்னா உங்களுக்கும் மேல பாக்கத் தோணும். ஓடுறவங்க எல்லாரும் அண்ணாந்து பாத்துக்கிட்டு வருவாங்க, அதனால வாயால சொன்னா போதாது, கையை முழுசா நீட்டி திசை காட்டணும். வண்டிகளை நிறுத்துற அதிகாரம் உங்களுக்கு இல்ல, அது போலீஸ் வேலை, நீங்க நடு ரோட்டுல போய் நின்னு வீரம் காட்ட வேண்டாம். யாராவது விழுந்தா பிப் நம்பர், எத்தனாவது கிலோமீட்டர், நினைவு இருக்கா இல்லையா, இந்த மூணையும் ரேடியோலயோ போன்லயோ சொல்லுங்க, அப்புறம் அவர் பக்கத்துலயே இருங்க. கடைசி ஆள் போய் பின்னாடி வர்ற ஸ்வீப் வண்டியும் தாண்டுற வரைக்கும் இடத்தை விட்டு நகரக்கூடாது. கடைசில வர்றவர் தனியா வர்றப்போ திருப்பத்துல ஆளே இல்லைன்னா அவருக்கு எப்படி இருக்கும்.

பலூன் பக்கம் போறதுக்கு முன்னாடி உடுப்பு மாத்தணும்

முந்தின நாள் ராத்திரியே தனிப் பையில இதை எடுத்து வைங்க: காட்டன் முழுக்கை சட்டை, காட்டன் முழு பேன்ட், மூடின கெட்டியான ஷூ, தோல் கிளவுஸ், தொப்பி. தலைமுடி நீளமா இருந்தா கட்டணும். மெடல், ஐடி கார்டு மாட்டுற நாடா, துப்பட்டா, ஸ்கார்ஃப், கழுத்துல தொங்குற எதுவும் வேண்டாம், பலூனுக்குள்ள காத்து அடிக்கிற ஃபேன் அதை இழுத்துக்கும். ஓட்டத்துக்குப் போடுற லெக்கின்ஸ், ஜாக்கெட் எல்லாமே பாலியெஸ்டர், நைலான் வகை தான், அதுல ஒண்ணைக்கூட போட்டுக்கிட்டு பர்னர் கிட்ட போகாதீங்க.

தீயும் துணியும் சேந்து இருக்குற இடம் இது, ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான். 1783 நவம்பர் 21ல பாரிஸ்ல முதல் முதலா ரெண்டு பேர் கட்டுத்தளை இல்லாம பலூன்ல பறந்தப்போ, கீழ வைக்கோலை எரிச்சுக்கிட்டே தான் போனாங்க, தீப்பொறி பட்டு துணில ஓட்டை விழ விழ ஈர ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி அணைச்சாங்க. சுமார் 25 நிமிஷப் பயணம் அது. இப்போ வைக்கோல் இல்ல, 1960ல அமெரிக்கர் எட் யோஸ்ட் பறந்து காட்டினதுக்கு அப்புறம் வந்த புரொப்பேன் பர்னர் தான், ஸ்பாஞ்சுக்கு வேலை இல்ல, ஆனா தீ தீ தான். புரொப்பேன் காத்தை விட கனமானது, கசிஞ்சா மேல போகாம தரையோட பள்ளத்துல தேங்கும், அதனால வாடை வந்தா உடனே சத்தமா சொல்லுங்க. சிகரெட், லைட்டர் கிட்டக்கூட வரக்கூடாது. சிலிண்டர்ல எரிவாயு நிரப்புற இடத்துக்குப் பயிற்சி இல்லாம போகவே வேண்டாம்.

பலூனை நிமித்துறது

காத்து வர்ற பக்கம் கூடை, காத்து போற பக்கம் துணி, அப்படித்தான் படுக்க வைப்பாங்க. துணியை விரிச்சு, பலூனோட அடி வாயைத் திறந்து, ஃபேன் போட்டு முதல்ல குளிர்ந்த காத்தை ஏத்துவாங்க. பாதிக்கு மேல உப்பினதும் பைலட் பர்னரைத் திறப்பார். இதுல புது ஆளுக்கு ரெண்டு வேலைல ஒண்ணு கிடைக்கும்.

ஒண்ணு வாயைப் பிடிக்கிறது. துணியோட வாய் ஓரத்தைக் கையால தூக்கி அகலமாத் திறந்து வச்சிருக்கணும், தீ நடுவுல போகும். முகத்தைத் திருப்பிக்கோங்க, வெக்கை கன்னத்துல அறையற மாதிரி இருக்கும், ஆனாலும் பைலட் சொல்ற வரைக்கும் கையை விடக்கூடாது, நீங்க விட்டா துணி தீயோட பாதைல விழும். கயிறுங்க காலைச் சுத்தி கிடக்குதான்னு ஒரு தடவை குனிஞ்சு பாத்துட்டு நில்லுங்க.

இன்னொண்ணு உச்சிக் கயிறு, கிரவுன் லைன்னு சொல்லுவாங்க. பலூனோட தலை உச்சில இருந்து வர்ற நீளக் கயிறு, அதோட முனைல நீங்க. சூடான காத்து போக ஆரம்பிச்சதும் பலூன் எழும்பப் பாக்கும், அது வேகமா எழும்பி ஊசலாடாம இருக்கத்தான் நீங்க பின்னாடி சாஞ்சு எடை குடுத்து நிக்கிறீங்க. அது இழுக்க இழுக்க, இழுவையை விடாம, அடி அடியா கூடையை நோக்கி நடந்து வரணும். கயித்தைக் கைல சுத்தாதீங்க, இடுப்புலயும் கட்டாதீங்க. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. கால் தரையை விட்டு எழும்புற மாதிரி தோணின நொடியே கையை விட்டுடணும், அரை அடி உயரத்துல விட்டா ஒண்ணும் ஆகாது, யோசிச்சுக்கிட்டே இருந்தா ஆள் மேல போயிடுவார்.

நான் ஒருத்தன் இழுத்துப் பிடிச்சா நிக்காதான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. நாலு பேர் போற சாதாரண பலூன் சுமார் 2,200 கன மீட்டர் இருக்கும். உள்ள இருக்குற காத்து 100 டிகிரி வரைக்கும் சூடானா லேசாகுது தான், ஆனா அந்த லேசான காத்தோட எடையே ரெண்டு டன் வரும். வெளிய இருக்குற அதே அளவு குளிர்ந்த காத்து ரெண்டரை டன்னுக்கு மேல, அந்த வித்தியாசம் தான் தூக்குற சக்தி. ரெண்டு டன் காத்து நகர ஆரம்பிச்சுட்டா உங்க எழுபது கிலோ அதுக்கு ஒரு கணக்கே இல்ல.

நிமிந்து நின்னதும் "வெயிட் ஆன்"னு கத்துவாங்க, எல்லாரும் ஓடிப்போய் கூடையோட மேல் விளிம்புல எடையைப் போட்டு அமுக்கணும். கூடையைப் பலூனோட இணைக்கிற கம்பியைப் பிடிக்காதீங்க, கூடைக்கு அடில காலை விடாதீங்க. "ஹேண்ட்ஸ் ஆஃப்"னா அந்த நொடியே எல்லாரும் கையை எடுத்துட்டு பின்னாடி வரணும். இங்க ஒரே ஒரு குரலைத் தான் கேக்கணும், பைலட் குரல். பக்கத்துல பத்து பேர் பத்து யோசனை சொல்லுவாங்க, காதுல வாங்காதீங்க.

துரத்துறது

பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு உயரத்துலயும் காத்து வேற வேற திசைல அடிக்கும், பைலட் ஏறி இறங்கி தனக்கு வேண்டிய காத்தைத் தேடிப் பிடிப்பார், அவ்வளவு தான். கிளம்புறதுக்கு முன்னாடி சின்ன ஹீலியம் பலூனை விட்டு அது எப்படித் திரும்புதுன்னு பாக்குறது இதுக்குத் தான். அமெரிக்காவுல ஆல்பகெர்க்கில 1972ல 13 பலூனோட ஆரம்பிச்ச திருவிழா இன்னைக்கு உலகத்துலயே பெருசா வளந்ததுக்கு ஒரு காரணம் அந்த ஊர்க் காத்து, கீழ ஒரு பக்கம் மேல எதிர்ப்பக்கம்னு அடிக்கிறதால சில நாள் கிளம்பின இடத்துக்கே திரும்பி வர முடியும். மத்த இடத்துல அந்த அதிர்ஷ்டம் இல்ல, பலூன் போற இடத்துக்கு வண்டி போகணும். பலூன் ரேஸ்னு சொல்றதும் வேகப் போட்டி இல்ல. முயல்னு ஒரு பலூன் முன்னாடி போய் எங்கயோ இறங்கி தரைல பெரிய பெருக்கல் குறி மாதிரி துணி விரிக்கும், பின்னாடி வர்ற பலூனுங்க அது பக்கத்துல வால் வச்ச சின்ன மணல் பையைப் போடணும். யாரோட பை கிட்ட விழுந்ததுன்னு டேப் வச்சு அளக்குறதும் வாலண்டியர் வேலை தான், எனக்குப் பிடிச்ச வேலை.

துரத்துற வண்டில உக்காந்தா ஒரு சட்டம்: ஓட்டுறவர் ரோட்டைப் பாப்பார், பக்கத்துல இருக்குறவர் வானத்தைப் பாப்பார். ரெண்டையும் ஒருத்தரே பாத்தா வண்டி வாய்க்கால்ல கிடக்கும். கரண்ட் கம்பி தூரத்துல இருந்து கண்ணுக்குத் தெரியாது, கம்பம் தெரியும், அதனால கம்பத்தைத் தேடி பைலட்டுக்கு ரேடியோல சொல்லுங்க. பலூன் கம்பில மாட்டிக்கிட்டா கூடையையோ கயித்தையோ தொடாதீங்க, கிட்டவே போகாதீங்க, அவசர நம்பருக்குக் கூப்பிட்டு, மின்சாரத்தை நிறுத்திட்டோம்னு மின்வாரியம் உறுதியா சொல்ற வரைக்கும் தள்ளி நில்லுங்க. உள்ள இருக்குறவங்க உங்க நண்பர்களா இருந்தாலும் சரி.

அடுத்தவங்க நிலத்துல இறங்கிட்டா முதல்ல உரிமையாளரைத் தேடி அனுமதி கேட்டுட்டுத் தான் வண்டியை உள்ள விடணும். பயிர் மேல ஏத்தாதீங்க, திறந்த கேட்டை மூடிட்டு வாங்க, ஆடு மாடு இருந்தா சத்தம் போடாம போங்க, பர்னர் சத்தத்துலயே அதுங்க பாதி மிரண்டு போயிருக்கும். கூடை இன்னும் இழுத்துக்கிட்டுப் போகுதுன்னா அதுக்கு முன்னாடி போய் நிக்காதீங்க, பக்கவாட்டுல இருந்து வாங்க. நின்னதும் மறுபடி எடை போடணும், உள்ள இருக்குறவங்களை நீங்களா கை குடுத்து இறக்காதீங்க. ஒருத்தர் இறங்கினா எழுபது கிலோ குறையும், பலூன் மிச்சப் பேரோட மறுபடி எழும்பிடும். நான் பாத்த ஒரு இறக்கத்துல ஆர்வக்கோளாறுல ஒருத்தர் குதிச்சுட்டாரு, கூடை சட்டுனு ஆள் உயரத்துக்கு எழும்புச்சு, பைலட் கத்தின கத்து இன்னும் காதுல இருக்கு.

நைட் க்ளோ

முதல் நாள் சாயங்காலம் ஓடின காலோட செய்யக்கூடிய வேலை இது. பலூனைக் கட்டிப்போட்டு, இருட்டுல பர்னரை விட்டு விட்டு எரிய வைப்பாங்க, துணி முழுக்க விளக்கு மாதிரி ஒளிரும், எண்ணிக்கை சொல்லி எல்லா பலூனும் ஒரே நேரத்துல எரியறப்போ கூட்டம் ஓன்னு கத்தும். உங்க வேலை கயித்து எல்லைல நின்னு ஆட்களை உள்ள விடாம பாத்துக்குறது. முதுகைப் பலூனுக்குக் காட்டி கூட்டத்தைப் பாத்து நிக்கணும், இது தான் இந்த வேலையோட சோகம், எல்லாரோட முகத்துலயும் வெளிச்சம் தெரியும், பலூன் மட்டும் உங்களுக்குத் தெரியாது. சின்னப் பசங்க கயித்துக்கு அடில புகுந்து வருவாங்க, அவங்க மேல கண்ணு வைங்க. ட்ரோன் விடுறவங்களைப் பாத்தா பொறுப்பாளர்கிட்ட சொல்லுங்க. ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க, மறுநாள் இருட்டோட எழுந்திருக்கணும்.

காத்து சரியில்லைன்னா

இருட்டுல எழுந்து, கிளவுஸ் மாட்டி, பைலட் மீட்டிங் முடிஞ்சு வெளிய வந்தா சிவப்புக் கொடி பறக்கும், இன்னைக்குப் பறக்கலைன்னு அர்த்தம். பச்சைன்னா பறக்கலாம், மஞ்சள்னா காத்திருங்க. பைலட்கிட்ட போய் "கொஞ்சம் லேசாத்தானே அடிக்குது"ன்னு வாதாடாதீங்க, தரைல உங்க கன்னத்துல படுற காத்து வேற, நூறு மீட்டர் மேல அடிக்கிறது வேற. ஓட்டம் இதுக்காக நிக்காது, பலத்த மழையோ மின்னலோ இல்லாத வரைக்கும் நடக்கும், அதனால பலூன் இல்லாத வானத்துக்குக் கீழயும் ஓட மனசைத் தயார் பண்ணிக்கோங்க. சில பைலட்டுங்க துணியை விரிக்காம கூடையையும் பர்னரையும் மட்டும் நிறுத்தி தீயை மேல விட்டுக் காட்டுவாங்க, கூட்டம் ஏமாறாம இருக்க.

மடிக்கிறது

எல்லாரும் நழுவப் பாக்குற வேலை. காத்து வெளியேறின துணியை வாய்ப்பக்கத்துல இருந்து உச்சி வரைக்கும் கட்டிப்பிடிச்சு பிழிஞ்சுக்கிட்டே நடந்து, ஒரு நீளக் கயிறு மாதிரி ஆக்கி, பையில திணிக்கணும். பை மேல ஏறி உக்காந்து மிச்சக் காத்தை வெளியேத்தணும், அது மட்டும் ஜாலி. தூக்குறப்போ நாலஞ்சு பேர் சேந்து, முட்டியை மடக்கி, ஒருத்தர் எண்ண எல்லாரும் ஒண்ணா. வண்டில ஏத்தினதும் புல்லுல ஒரு சுத்து நடந்து கீழ விழுந்த கொக்கி, கிளவுஸ், ரேடியோ ஏதாவது கிடக்குதான்னு பாருங்க.

பனியில நனைஞ்ச துணியை அப்படியே பையில விட்டா பூஞ்சை பிடிக்கும், அதனால பைலட் அன்னைக்கோ மறுநாளோ எங்கயாவது திறந்தவெளில அதை மறுபடி விரிச்சு ஃபேன் போட்டுக் காய வைப்பார். அதுக்கு யாரும் வர மாட்டாங்க, கூட்டமும் இல்ல, கொடியும் இல்ல. உங்களைக் கூப்பிட்டா போங்க. அந்த ரெண்டு மணி நேரத்துல தான் நான் முதல் தடவை ஊதின பலூனுக்குள்ள நடந்து போய், உச்சில இருக்குற வால்வை அண்ணாந்து பாத்து, அது எப்படித் திறக்குதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஷூவைக் கழட்டிட்டு உள்ள போங்க, துணி கிழியும்.